கோடில்லாத கத்தரிக்காய்

அன்புள்ள மிசுஹோவுக்கு, அரிதாவிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். மழை பிடித்து இரண்டு வாரமாகிறது, துணி காயவில்லை என்பதைத் தவிர குறையில்லை. சாண்டியாகோவில் குளிர் ஆரம்பித்திருக்குமே, உன் இருமல் விட்டதா?

போன மாதம் எங்கள் பீங்கான் சூளையில் தட்டுப் படங்களுக்குக் கோடு போடும் தகெஷிதா சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உரெஷினோ விடுதிக்குக் கத்தரிக்காய் படம் போட்ட அறுபது தட்டு ஜூன் பத்துக்குள் போக வேண்டும். உனக்குத் தெரியும், இங்கே கோடு போடுகிறவர் வேறு, அதற்குள் நீலம் நிரப்புகிற நாங்கள் வேறு. இருபத்தெட்டு வருஷமாக நான் அடுத்தவர் கோட்டைத் தாண்டியதில்லை. முதலாளி குபோயாமா ஆர்டரைத் திருப்பிவிடலாம் என்றார். கோடே வேண்டாம், நிரப்புகிற தூரிகையாலேயே காயைப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் சிரித்து, இக்குயோ அக்கா, வேலி இல்லாத வயல்ல மாடு எங்க நிக்கும் என்று கேட்டார். நின்னா நீங்கதான் டீ போட்டுக் குடுக்கணும் என்றேன்.

முதல் தட்டு தோற்றது. கோட்டுக்குள் நிரப்பும்போது தூரிகையில் நீலம் ததும்பத் ததும்ப விட்டு, கோட்டருகே மிச்சத்தைத் தூரிகையாலேயே உறிஞ்சி எடுப்போம்; பழக்கத்தில் அதே அளவு தண்ணீர் விட்டுவிட்டேன். சூளையில் சுடும்வரை இந்த நீலம் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும், தப்பு தெரியாது. சூளையைத் திறந்தால் கொட்டிய மை. உன் அப்பா, பூசணின்னு சொல்லி வித்துடு என்றார். மறுநாள் தண்ணீரைப் பாதியாக்கி, காயின் நடுவிலேயே தூரிகையைப் புரட்டி உறிஞ்சத் தொடங்கினேன். காய் நின்றது, முதுகில் அடர் நீலம், வயிற்றில் வெளிச்சம், காம்பருகே வெளுப்பு. எட்டு நாளில் அறுபதையும் முடித்தேன். விடுதி எஜமானி ஒன்றை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கோடு போட்டது கடைல வாங்கின காய், இது செடிலயே தொங்குது என்று சொல்லி, இலையுதிர் காலத்துக்கு எண்பது கேட்டார். அதிலும் கோடு இருக்கக் கூடாதாம். முதலாளி டீ போடப் போனார்.

கையில் கட்டோடு வந்த தகெஷிதா, என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே என்று முறைத்தார். தட்டைத் திருப்பி அடியைப் பார்த்து, போட்டவங்க பேரு எங்க என்று முதலாளியைக் கேட்டார். நிரப்புகிறவர்கள் பெயர் எழுதுவது எங்கள் சூளையில் இதுவரை இல்லை. புது எண்பதுல எழுதிக்குங்க அக்கா என்றார் முதலாளி. நேற்று அதில் முதல் தட்டின் அடியில் என் பெயரை எழுதினேன்.

சோதனைத் தட்டு ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே, பொரித்த மீனை வைத்துச் சாப்பிடு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, மகளே.

உன் அம்மா,
இக்குயோ