மண்ணுக்குக் கீழே ஒரு ஸ்டேஷன்

1985 ஜனவரி 12, சனி

கல்கத்தாவில் பூமிக்கடியில் ரயில் ஸ்டேஷன் கட்டப் போன என் கணவர், பொங்கலுக்காக இன்று காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். இனிமேல் போகாதீர்கள் என்று சொல்லத்தான் காத்திருந்தேன். சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு. நானும் டிக்கெட் எடுத்து ஏறினேன். நாங்க முட்டியளவு சேத்துல நின்ன எடத்துல ஒரு பொம்பள, கொழந்தைய இடுப்புல வச்சிக்கினு ரயிலுக்கு நிக்குறா. கீழ அவ்ளோ வெளிச்சம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த ஸ்டேஷனுக்கும் கூப்புட்டிருக்காங்க."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் தடுக்க முடியவில்லை.

"அங்க குடும்பத்தோட தங்க ரூம் கெடைக்குமாங்க?" என்றேன்.

சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். "நெஜமாவா வர்றே?"

தலையாட்டிவிட்டேன். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்கு அந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. கதவைத் திறந்தால் மலை தெரியாத ஊரில் எப்படித்தான்... இருக்கட்டும், அவர் இருப்பார்.