மறுபக்கத்து வரி

அக்டோபர் 12, சனி

இன்றும் பஸ் நிறைய சுற்றுலாப் பயணிகள், வழிகாட்ட நான். மலைமேல் இடிந்து கிடக்கும் துறவிகள் மடம், பிறகு வல்தெமோரா ஊர்த்தெரு, கடைசியில் அக்காவின் கன்னியர் மடம். எண்ணூறு வருடத்துக் கல்லைக் காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள், மடத்துச் சுவரில் பதித்த சுழல்பெட்டியைப் பார்த்ததும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். காசை வைத்துச் சுற்றினால் பாதாம் பிஸ்கட் வரும். கொடுக்கிற கை தெரியாது.

அது காசில்தா அக்காவின் கை. அவள் உள்ளே போனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. வெளியாருக்கு முகம் காட்டாத மடம்; அதற்குப் பிறகு குரல் மட்டும்தான்.

மடத்துக் கோவிலில் மாலை செபத்தில் ஏதோ சரியில்லை. உள்ளே இருப்பது இரண்டே பேர், அக்காவும் மதர் எங்கிராசியாவும். திரைக்குப் பின்னால் வேதாகமச் சங்கீதத்தின் ஒரு வரியை அக்கா சொல்வாள், மறுவரியை மதர் சொல்வார். இன்று அக்காவின் வரி வந்தது. பிறகு சத்தமே இல்லை. ஒரு வரி சொல்லி முடிக்கிற நேரம் கழித்து மறுபடி அக்கா. கடைசிவரை இப்படியே.

நடுவில் வருகிற மௌனம்தான் அழகு என்றாள் ஒரு வலென்சியாக்காரி.

அக்டோபர் 19

பெட்டியருகே குனிந்து கேட்டேன். மதருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், படுத்தபடி மனசுக்குள் சொல்கிறாராம்.

"டாக்டரைக் கூப்பிடலாமா அக்கா?"

"தொண்ணூறு வயசுக்கு டாக்டர் வந்து என்னடா பண்ணுவாரு? போ, உன் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டு இருமினாள்.

அக்டோபர் 26

மலைமேலிருந்து ஒரு ஆள் பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு கீழே கண்டபடி படம் எடுத்தான். ஒன்றை என்னிடம் காட்டினான். மடத்துத் தோட்டம். இடுப்பளவு குழிக்குள் ஒரு கன்னியாஸ்திரீ, கையில் மண்வெட்டி.

"என்ன நடுறாங்க?"

உருளைக்கிழங்கு என்றேன். அக்டோபரில், ஆள் நீளக் குழியில் உருளைக்கிழங்கு. அவன் நம்பிவிட்டான், பட்டணத்துக்காரன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

ஊரே சாமந்திப்பூவோடு கல்லறைக்குப் போயிருந்தது. நான் கூட்டத்தை மலைமேல் விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தேன். அந்தக் குழியை மூடியிருந்தார்கள். பக்கத்தில் இன்னொன்று, திறந்தபடி.

ஓடிப்போய்ப் பெட்டியில் வாயை வைத்தேன். மறைக்கவில்லை அவள். மதர் வியாழக்கிழமை போய்விட்டாராம். குளிப்பாட்டி, உடுத்தி, போர்வையில் கிடத்தி, தானே இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தாளாம். அறுபத்தேழு வயதில்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேடா எலாடியோ. ஒத்த ஆளுன்னு தெரிஞ்சா ஆயரில்லத்துலேர்ந்து பிஷப்போட ஆளுங்க வந்து பூட்டிடுவாங்க. என்னைக் கொண்டுபோய் நகரத்து மடத்துல போட்டுடுவாங்க. நான் இங்கேயே இருக்கேன்னு வாக்குக் கொடுத்தவ."

"ரெண்டாவது குழி எதுக்குக்கா?"

"மண்ணு இளக்கமா இருக்கு. டிசம்பர்ல இறுகிப்போச்சுன்னா யாரு தோண்டுறது?"

சமையலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

நவம்பர் 3

சொல்லிவிட்டால் என்னை மன்னிக்கமாட்டாள். சொல்லாவிட்டால்— நான் என்னதான் செய்ய?

நவம்பர் 16

அக்காதான் கேட்டாள். அந்த இடைவெளி அவளைத் தின்கிறதாம், மதர் வரியை நான் சொல்லவேண்டுமாம். கோவிலில் பயணிகளுக்கு நடுவே நின்று சொன்னேன். அவள் ஒரு வரி, நான் ஒரு வரி. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்துச் செபம் சொன்ன மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முடிந்ததும் நாலு பேர் கைதட்டினார்கள்.

பஸ் டிரைவர் சத்தூரியோவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவன் கைதட்டவில்லை.

"ஆயரில்லத்துக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுது. உனக்கு அக்கா வேணுமா, அக்கா குரல் வேணுமா?"



நவம்பர் 30

முதல் பனி. இருமலுக்கு நடுவேதான் சங்கீதம். பிஸ்கட்டில் சர்க்கரையே இல்லை. கதவுச் சாவியைப் பெட்டியில் வை, வந்து பார்க்கிறேன் என்று கெஞ்சினேன்.

"முகத்தைப் பாக்க ஆசையாடா? பாக்கிற மாதிரி இல்லை." சிரித்தாள், இருமினாள். "சாவி உள்ளேயே இருக்கட்டும். வேணும்னா நானே வைக்கிறேன்."

சூப் கொண்டுபோய் வைத்தேன். பாத்திரம் காலியாகத் திரும்பியது. சரி, சாப்பிடுகிறாளே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் இப்படியே என்றால் போன் போட்டுவிடுவேன்.

டிசம்பர் 7

பனியில் பஸ் தாமதம். பெட்டிப் பக்கம் போகாமல் கூட்டத்தை நேராகக் கோவிலுக்குள் கூட்டிப்போனேன்.

அவள் தொடங்கினாள். மெல்லிய குரல். நான் என் வரி. அவள். நான். பிறகு அவள் வரி வரவில்லை.

காத்திருந்தேன். மதரின் வரியை மறுபடி சொன்னேன். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பின்னால் ஒருத்தி, எவ்வளவு அழகு என்று முணுமுணுத்தாள்.

ஓடிப்போய்ப் பெட்டியைச் சுற்றினேன். சாவி இருந்தது, பனிக்கட்டி போலச் சில்லென்று. காலையிலேயே வைத்திருப்பாளோ? எனக்காகவா காத்திருந்தாள்?

கதவைத் திறந்து உள்ளே ஓடினேன். செபமேடையில் தன் இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தாள், மடியில் புத்தகம். எங்கள் அம்மாவின் முகம். நான் தொட்டபோது அது இன்னும் சூடாக இருந்தது.

டிசம்பர் 9

ஆயரில்லத்திலிருந்து வந்துவிட்டார்கள், பூட்டு வைக்க. மதரைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். இப்போது சொல்ல என்ன தடை.

அக்காவைப் புதைக்க நானும் சத்தூரியோவும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனோம். நிலம் பாறையாக இறுகிக் கிடந்தது. ஆனால் தோண்ட ஒன்றுமில்லை. அவள் வெட்டி வைத்த குழியில் மழைத்தண்ணீர் தேங்கி உறைந்திருந்தது. அந்தப் பனிக்கட்டியை உடைத்து எடுத்தது மட்டும்தான் எங்கள் வேலை.