கூட அறிந்தவள்

மன்னித்துக்கொள்ளும். நேரில் பேசவே நாக்கு எழும்பாத நான், நீர் போன பிறகு மடல் எழுதுகிறேன்.

கொழும்பில் எனக்கு ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுகளை வாசித்து எழுதும் வேலை. இன்று காலை ஓர் ஏட்டைத் திறந்தேன். பூச்சி அரித்த தாளில், வேலணைக் காணிக்காரர் ஒருவர் தமது 'கெவேற்றன்' மீது ஆணையிட்டிருந்தார். மனச்சாட்சிக்கு ஒல்லாந்தரின் டச்சுச் சொல் அது. அகராதியைப் புரட்டினேன். பின்பாதி 'அறிதல்'. முன்பாதி ஒரு காலத்தில் 'கூட' என்று பொருள் தந்ததாம். இலத்தீன் சொல் ஒன்றைப் பார்த்துக் கட்டியது: இன்னொருவரோடு சேர்ந்து அறிந்திருப்பது. நாங்கள் மனதுக்குள் ஒரு சாட்சியை நிறுத்தினோம். அவர்களோ பக்கத்தில் ஓர் ஆளை இருத்தியிருக்கிறார்கள்.

எனக்கு அந்த ஆள் நீர், என் சிநேகிதி.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க என் தகப்பனார் மறுத்தார். "பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்டிப் பக்கம் என்ன அலுவல்?" விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாள், ஊர்காவற்றுறை பஸ்ஸுக்காக நின்றபடி, என் தேர்ச்சி அறிக்கையில் இருந்த அவர் கையெழுத்தைப் பார்த்து நீரே வைத்தீர்.

"உம்மட ஐயாட கையெழுத்து நண்டு ஓடின மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் ஆடாமல் நில்லும், உம்மட முதுகிலதானே எழுதிறன்."

இடம் கிடைத்த அன்று ஐயா, "கையெழுத்து நான்தானே வைச்சிருப்பன்" என்றார். ஒரு கிழமைக்குள் அது, "நான் வைச்சபடியாத்தான் போறாள்" ஆகிவிட்டது. மடத்துவெளியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்வார். நீர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொள்வீர். தோள் குலுங்குவது எனக்கு மட்டும் தெரியும்.

போன மாரியில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் ஐயா அழுதார். "நல்ல பிள்ளை. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யக் கிடைக்கேல்லை அவளுக்கு" என்றார். பழக்கத்தில் உம்மைத் தேடி நிமிர்ந்தேன்.

நான் வாசிக்கும் ஒவ்வொரு தாளிலும் உமது பங்கு இருக்கிறது. அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். ஐயாவுக்கு வயது போய்விட்டது, அந்தப் பெருமையைப் பிடுங்க எனக்கும் மனமில்லை. ஆனால் உம்மைப்பற்றி அவர் அப்படியே நினைத்திருக்கக் கூடாது. கையெழுத்துப்பற்றி ஒருவருக்கும் சொல்வதில்லை என்று உம்மிடம் சத்தியம் செய்தனான். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடும்.