ஒருத்தரும் இல்லை

ஸ்பிரிங்வெளி,
08.06.2025

என் அன்பு மகள் மதுஷாவுக்கு,

நீயும் மருமகன் சுஜனும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது, கூரைத் தகரம் ஓயாமல் அடித்துக்கொள்கிறது. தேயிலைக் கொழுந்து குறைவு என்பதால் பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளும் குறைவு. தாய்மார் வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் குழந்தைகளை யார் கொண்டுவந்து விடுவார்கள்?

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த லயத்து வரிசை வீடுகளில் நமக்கும் பக்கத்துக் காம்பராப் புஷ்பத்துக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகவில்லை என்பது உனக்குத் தெரியாததா? நான் இந்தப் பக்கம் இருமினால் அவள் அந்தப் பக்கம் கசாயம் வைக்கிறாள். இது அவளைப் பற்றிய விஷயம்.

அவள் மகன் துஷாந்த் நீ இருக்கும் நாட்டில்தான் இருக்கிறான். தை மாதம் போய்ச் சேர்ந்தானாம். தோட்டக் காணியை வெளியாட்களுக்குப் பிரிப்பதை எதிர்த்துப் பேசினான் என்று அவனை அடித்துக் காலை உடைத்து லொறியில் கொண்டுவந்து போட்டார்களே, அன்று நீயும் இங்கேதான் இருந்தாய். உன் சால்வையைத்தானே கிழித்துக் கட்டினோம். அதற்குப் பிறகும் அந்த அடியாட்கள் அவனை மிரட்டுவதை விடவில்லை. தன்னை அகதியாக ஏற்கச் சொல்லி அங்கே கேட்டிருக்கிறான்.

இப்போது புதுச் சட்டங்கள் வரப்போகின்றன, வந்தவர்களைச் சீக்கிரமாகத் திருப்பி அனுப்புவார்கள் என்று யாரோ போனில் செய்தியைக் காட்டிவிட்டார்கள். புஷ்பம் சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என்னிடம் வந்து, "ஒங்க மக அந்த ஆபீஸ்களுக்குத்தானே மொழிபெயர்க்கப் போகுது, அக்கா. எம்புள்ளயப் பத்தி ஒரு வார்த்த விசாரிக்கச் சொல்லுங்க" என்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருடம் என்று சொன்னதைப் பத்து வருடமாக்கப் பார்க்கிறார்களாமே. நம் ஆட்களுக்கு இதெல்லாம் புதிதா? உன் தாத்தா பிரஜாவுரிமைக்காகப் பதுளை அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்றே நரைத்துப் போனவர். பயப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அம்மா தனலெட்சுமி


லெஸ்டர்,
13.07.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். அப்பாவை முட்டிவலியோடு மலை ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

துஷாந்த் அண்ணா எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இது பெரிய நாடு, அம்மா. ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி வந்திருக்கிறார்கள். என்னை மொழிபெயர்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். மற்றவர்களுடைய வழக்கைப் பற்றி விசாரிக்க எனக்கு அனுமதி இல்லை. புஷ்பம் சித்தியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பத்து வருட விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. சுஜனின் வேலை விசாவில்தான் நானும் இருக்கிறேன். யாரும் நம்மைப் பற்றி ஒரு குறை எழுதிவிடக் கூடாது என்று அவர் நாள் தவறாமல் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எங்கள் வாசலை மறித்து நிறுத்தினால்கூட நாங்கள் எதுவும் சொல்வதில்லை.

இனிமேல் இந்த விஷயத்தைப் பற்றி எழுத வேண்டாம், அம்மா. கோபத்தில் சொல்லவில்லை.

உங்கள் மகள்
மதுஷா


ஸ்பிரிங்வெளி,
21.09.2025

என் அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

துஷாந்த் திரும்பி வந்துவிட்டான். அடிபட்டது உண்மை என்று சொல்ல சாட்சி இல்லை என்று அவன் கேட்டதைத் தள்ளிவிட்டார்களாம். மேல்முறையீடு செய்திருக்கலாம். வரப்போகிற சட்டத்தைப் பற்றிக் கூட இருந்தவர்கள் பேசிய பேச்சில் மனசு விட்டுப்போய், தானாகவே போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். லயத்தில் தங்கப் பயம். வெலிமடையில் கரட் கிழங்கு மூட்டை ஏற்றும் இடத்தில் வேலை, அங்கேயே படுக்கை. பகலில் ஒரு தடவை வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போனான். காலை இன்னும் இழுத்துத்தான் நடக்கிறான்.

நம் வீட்டுக்கும் வந்தான். "மதுவப் பாத்தேன் பெரியம்மா. நல்லா இருக்கு. எனக்கு மொழிபெயர்க்க அதுதான் வந்துச்சு. நா சொன்னத ரொம்பத் தெளிவாச் சொல்லுச்சு" என்றான். நான் சிரித்தேன். தேத்தண்ணி கொடுத்தேன்.

புஷ்பம் அதைப் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வேலைக்குக் கூடும் நேரத்தில் சொல்லிவிட்டாள். தனலெட்சுமி அக்கா மகள்தான் என் மகனுக்காக அங்கே வாய் திறந்தாள் என்று. கோயிலிலும் சொன்னாள். பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உன்னைப் புகழ்கிறார்கள். புஷ்பம் தன் வீட்டில் பழுத்த கதலிச் சீப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது என்றுதானே நீ எழுதியிருந்தாய்.

அந்தப் பழத்தை நான் இன்னும் தொடவில்லை. உன் அப்பாவிடமும் எதையும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னால் எனக்கு ஒரு பதில் எழுது.

அம்மா


லெஸ்டர்,
12.10.2025

அம்மா,

இதைக் கிழித்துப் போட்டுக் கிழித்துப் போட்டு எழுதுகிறேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த வாரமே என்னை ஓர் அகதி விசாரணை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. கதவைத் திறந்தால் துஷாந்த் அண்ணா உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோய், யாரோ கொடுத்த பெரிய குளிர்ச்சட்டைக்குள் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

மொழிபெயர்ப்பவருக்கு அந்த ஆளைத் தெரிந்திருந்தால் உடனே சொல்லிவிட்டு எழுந்துபோக வேண்டும். அதுதான் விதி. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், எந்த ஊர், என்ன உறவு என்று எழுதிக்கொள்வார்கள், அது எங்கள் விசாவில் வந்து நிற்கும் என்று பயந்தேன். அது மட்டும் என்று சொன்னால் பொய். என்னோடு வேலை செய்கிறவர்களிடம் என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் அதிகாரி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே விசாரித்த பெண் அதிகாரியின் முன்னால், நானும் அண்ணாவும் ஒரே லயத்துச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளர்ந்தவர்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணா என்னைப் பார்த்து, "பெரியம்மா எப்படி இருக்காங்க, தங்கச்சி?" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்றேன்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவருக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் புரியும், அம்மா. ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மேசையைப் பார்த்தே சொன்னார். லொறியைப் பற்றிச் சொன்னார். காலைக் கட்டியதைச் சொன்னார். யாருடைய சால்வை என்று சொல்லவில்லை.

கடைசியில் அதிகாரி, இதையெல்லாம் கண்ணால் கண்டவர், உங்களை முன்பே தெரிந்தவர் யாராவது இந்த நாட்டில் உண்டா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். என் வாயால் நானே கேட்டேன். அவர் தண்ணீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "ஒருத்தரும் இல்ல" என்றார். ஒருவருமில்லை என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

தெளிவாகத்தான் சொன்னேன்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். இப்போது ஊருக்கு வந்தும் எனக்காகவே பேசியிருக்கிறார். பெரட்டுக் களத்தில் என்னைப் புகழ்ந்தார்கள் என்று படித்ததிலிருந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. கடைத்தெருவில் யாராவது தமிழ் பேசினால் மறுபக்கம் போய்விடுகிறேன்.

போன வாரம் நடந்ததை எல்லாம் எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். இனி எனக்கு அந்த வேலை இல்லை. விசாவுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. சுஜன் என்னோடு பேசுவதில்லை. துஷாந்த் அண்ணா போன பிறகு எழுதியதால் அவருக்கு இதனால் ஒரு நன்மையும் கிடைக்கப்போவதில்லை. அதை நினைத்தால் அனுப்பியதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தைப் பொங்கலுக்கு அங்கே வரலாமா? வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் வர மாட்டேன்.

மது


ஸ்பிரிங்வெளி,
09.11.2025

மதுஷாவுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு அடுத்த நாள் வந்தது. படித்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். குழந்தைகளைத் தூக்கவும் இறக்கவும் முடிந்தது. அவர்களுடைய தாய்மாரை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ அவரை அதிகாரி என்று சொல்லி வைத்திருக்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை துஷாந்த் வந்திருந்தான். அவர்கள் வீட்டுக்கு நானே போய்த் தாய்க்கும் மகனுக்கும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். புஷ்பத்தைச் சும்மா புகழ வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் என்னால் படுக்க முடியாது. அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "அப்ப நா ஊரெல்லாம் சொன்னது, அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

துஷாந்த்தான், "விடுங்க பெரியம்மா. அது என்னயவிடப் பயந்துபோய் இருந்துச்சு. எனக்கு அங்க போக்கிடம் இல்ல, அதுக்கு வந்த வழியே மறந்துபோச்சு" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து புஷ்பம் நம் வாசலில் கால் வைக்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என்னைக் கண்டால் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறாள். நான் இருமினால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். பெற்ற வீட்டுக்கு வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த ஒன்றையாவது எந்தச் சட்டமும் உன்னிடமிருந்து எடுக்காது. ஆனால் முன்பு போல பதுளை பஸ் நிலையத்துக்கு வந்து உன்னை அழைத்துக்கொண்டு, எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வர என்னால் முடியாது. நீயே வா.

இருட்டின பிறகு வந்து இறங்காதே. லயத்தில் எல்லோரும் இருக்கிற பகல் நேரமாகப் பார்த்து, புஷ்பத்தின் வாசலைக் கடந்து நடந்து வா. அவள் கதவைச் சாத்தினாலும் நில்லு. யாராவது ஏதாவது சொன்னாலும் கேட்டுக்கொள். நான் நம் வாசலில் நிற்பேன். உன் பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா