ஒரே பெயர், இரண்டு பட்டியல்

அக்கா,

இன்று காலை எங்கள் முத்தாண்டிக்குப்பத்து வீட்டு வாசலில் ஒரு பெண் வாக்காளர் பட்டியலோடு வந்து நின்றாள். "வேற எங்கனா உங்க பேரு இருக்குதாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மைதான். ஆனாலும் கையெழுத்து கோணலாக விழுந்தது.

நகரியத்தில் எங்கள் பிளாக்கின் அங்கன்வாடி டீச்சர் நீங்கள்; பட்டியல் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பு. குவார்ட்டர்ஸ் ஊரில் அது லேசான வேலையா? ரிட்டயர் ஆனவர் காலி செய்வார், வேறொருவர் குடிவருவார். "சாமானை ஏத்தறப்பவே பேரையும் மாத்திக்கினு போங்களேன்" என்று லாரிக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சுவீர்கள்.

நாங்களும் காலி செய்தோம். இங்கே வீடு கட்டி, பெயரும் சேர்த்தாயிற்று. அங்கிருந்த பெயரை நீக்கச் சொல்ல மட்டும் மனம் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வரிசையில் நின்றுதான் ஓட்டுப் போட்டேன். பெயரும் போய்விட்டால் எனக்கும் அந்த இடத்துக்கும் என்ன ஒட்டு? வீம்புதான், வேறென்ன!

ஒருநாள் அதே பிளாக்கில் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் பட்டியலோடு படியேறி வந்தீர்கள்.

"நீ காலி பண்ணிக்கினு போயிட்டேன்னாங்களே?"

"போகலைக்கா, தம்பிகூடத்தான் இருக்கேன்" என்றேன், வாய் கூசாமல். எல்லாரிடமும் ரேஷன் கார்டு கேட்கும் நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. "நீ சொன்னா சரிதாம்மா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

ஒரே முகம் இரண்டு பட்டியலில் இருப்பது தெரிந்து, தாலுகா ஆபீசுக்கு நம் இருவரையும் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உங்கள் குரல் கேட்டது. "அவங்க ஒண்ணும் சொல்லலைங்க. நானாத்தான் விசாரிக்காம எழுதிட்டேன்."

பழைய பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, என்னை இரண்டு வார்த்தை கண்டித்து அனுப்பினார்கள். உங்களுக்கு மெமோ, பட்டியல் வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். "நெசத்த சொல்லியிருந்தா நானே பதமா மாத்திக் குடுத்திருப்பேனே" என்றீர்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அக்கா.

வெட்கத்தில் அதன்பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மறுபடி நடையேறி வந்தது, நீங்கள் கண்மூடிய பிறகு, உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான். உங்கள் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த மெமோவ நெனச்சி அம்மா ரொம்ப உடைஞ்சி போயிட்டாங்க. யாரை நம்பி எழுதினாங்கன்னு மட்டும் கடைசி வரைக்கும் வாயே தொறக்கல. உங்களுக்கு எதனா தெரியுமா சித்தி?"

"தெரியலையே, தம்பி" என்றேன்.

அவரே இலை போட்டு உட்காரவைத்துப் பரிமாறினார். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். உங்கள் பிள்ளை கையால் போட்ட அந்தச் சோறு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை, அக்கா.