எந்தக் குரூஸ்?

பங்குனி 4, 2025. செவ்வாய்

கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பின்னேரம் பேத்தி ஸ்டெபனி வந்தாள். கலியாணம் செய்யப் போகிறாளாம். வேதக்காரப் பெடியன், தமிழ்ப் பெடியன், மார்க்கம் நகரில் கொம்பியூட்டர் வேலை. சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் பேரைச் சொன்னாள். ஜூலியன் குரூஸ்.

எந்தக் குரூஸ் என்று கேட்டேன்.

"ஜஸ்ற் குரூஸ், அம்மம்மா."

அப்படி ஒரு குரூஸ் இல்லை.

பங்குனி 5

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசினார்கள். மனம் இறங்கவில்லை.

பங்குனி 9, ஞாயிறு

வயது போய்விட்டது, எல்லாம் மறந்திருப்பேன் என்று மகள் அருள்மலர், ஸ்டெபனியின் தாய், நினைக்கிறாள். எனக்கா மறதி?

1966 வைகாசி, மன்னார். எங்கள் அக்கா திரேசம்மாவுக்கு இக்னேசியஸ் குரூசைப் பேசி முற்றாகியிருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் இரண்டு பேரின் பேரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை. அதற்கு முதல்நாள் இக்னேசியசின் தாய் கோயில் சுவாமியாரிடம் போய் நிற்பாட்டிவிட்டாள். தங்கள் பேர் பறங்கியின் கப்பலில் வந்த பேராம். சிலுவை என்று அர்த்தமாம். எங்களுக்கு அப்பன் பேர் மட்டும்தான். "பேரில்லாத ஆக்கள்" என்று கிணற்றடியில் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா அன்று பூசை முடிந்தும் எழும்பவில்லை. மெழுகுதிரி எல்லாம் அணைத்த பிறகு நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குப் பிறகு ஒருத்தரையும் கட்டவில்லை. 2011இல் அதே வீட்டில் செத்தாள்.

அருள்மலருக்கு இதை நான் சொன்னதில்லை. சொன்னால் அந்தப் பொம்பிளை இன்னொரு தரம் வென்றது மாதிரி.

பங்குனி 12

என்னைக் குளிக்க வார்க்க வருகிற பிள்ளை புதிது. கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்தேன். ஜூலியனின் பேரை ஸ்டெபனி தன் போனில் காட்டினபோது பார்த்த அதே நாலு இங்கிலீசு எழுத்து, குரூஸ். "மன்னாரோ?" என்று கேட்டேன். அவள் பிலிப்பீன்ஸாம். அங்கே தடக்கி விழுந்தால் ஒரு குரூசின் மேல்தான் விழ வேண்டும் என்று சிரிக்கிறாள்.

இந்தப் பேர் எங்கெல்லாம் போய் இறங்கியிருக்கிறது. கப்பல்காரர் ஓரிடத்திலும் சும்மா இருக்கவில்லைப் போல.

பங்குனி 16, ஞாயிறு

ஜூலியனைக் கூட்டி வந்தாள். வடிவான பெடியன். இக்னேசியசும் வடிவுதான். மூக்கைப் பார்த்தேன். அதே மூக்கோ?

"தம்பி, உம்மட அப்பப்பா எந்த ஊர்?"

"ஐலண்ட் பக்கம், அம்மம்மா. அப்பாவுக்குத்தான் டீற்றெய்ல்ஸ் தெரியும்."

தீவாம். மன்னாரும் தீவுதானே? மறைக்கிறான்.

அவன் போன பிறகு, இந்தக் கலியாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று ஸ்டெபனியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "நீங்கள் வராட்டி எனக்குக் கோயில் கலியாணமே வேண்டாம். சிற்றி ஹோலில போய் சைன் பண்ணுறன். அதுக்குப் பிறகு இஞ்ச வரவும் மாட்டன்." கதவை மெதுவாய்ச் சாத்திவிட்டுப் போனாள். அடித்துச் சாத்தியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

பங்குனி 19

ஸ்டெபனியின் போன் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

பங்குனி 22, சனி

பெடியனின் தகப்பன் சூசைதாசன் தனியே வந்தான். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "அம்மா, உது எங்கட பேரே இல்லை" என்றான்.

நெடுந்தீவு ஆட்களாம். 88இல் இங்கே எயார்போட்டில் வந்து இறங்கினபோது அவன் கையில் ஒரு கடுதாசியும் இல்லை. குடும்பப் பேர் என்னவென்று இமிகிரேசன்காரர் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு எங்கே குடும்பப் பேர்? தகப்பன் பேரைச் சொல்லியிருக்கிறான். குருசுமுத்து.

"அந்த ஒபிசருக்குக் குருசு மட்டும்தான் காதில விழுந்தது. 'ஓ, குரூஸ்' எண்டு தானே எழுதிப்போட்டான். மாத்தச் சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயந்து விட்டிட்டன். பிள்ளையளுக்கும் அதுதான் பேர்."

பதினெட்டு நாள் ஒரு ஒபிசரின் பேனாவோடு கோவித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனாலும் வாய்ப்பேச்சை நம்பலாமோ? ஆதாரம் கேட்டேன். தகப்பனின் ஞானஸ்நானப் பத்திரத்தைப் போனில் காட்டினான். பெரிதாக்கச் சொல்லி எழுத்துக் கூட்டி வாசித்தேன். குருசுமுத்துதான்.

அவன் போனதும் அருள்மலர் கோப்பை கழுவிக்கொண்டு சொல்கிறாள்: "அப்ப உவை குரூஸ் இல்லை. நான் நல்ல குடும்பமெண்டெல்லோ நினைச்சன். ஒரு பேரும் இல்லாத ஆக்கள்."

என்ர பிள்ளை. என்ர வயித்தில பிறந்தது. ஆரடி உனக்கு உதைச் சொல்லித் தந்தது? இஞ்ச கிணத்தடியும் இல்லை, கப்பலும் இல்லை. இது வோபர்னில பன்ரண்டாம் மாடி வீடு.

தண்ணியைப் பூட்டடி என்றேன். பக்கத்தில் இருத்தி அக்காவின் கதை முழுக்கச் சொன்னேன். ஈரக் கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா ஏன் கட்டேல்லை எண்டு கேக்கிற நேரமெல்லாம் என்னை ஏசினியளேயம்மா."

ஓம். ஏசினேன்.

பங்குனி 23

இக்னேசியசின் தாயை நான் மன்னிக்கவில்லை. அது வேறை.

பங்குனி 25, செவ்வாய்

அருள்மலரைக் கொண்டு நம்பரை அழுத்துவித்து, நானே சூசைதாசனோடு கதைத்தேன். பாவம், பயந்துபோனான்.

"இன்னும் ஏதும் கடுதாசி வேணுமோ அம்மா?"

"இனிக் கடுதாசி வேண்டாம், காட்டினது காணும் தம்பி. கலியாணத்துக்கு நாள் வையும். கோயிலிலதான் நடக்கோணும். நான் முன் வாங்கில இருப்பன்."

ஆவணியில் வைக்கலாம் என்றான். விருந்துக்கு மண்டபம் மார்க்கத்திலாம். இங்கே இல்லாத மண்டபமோ? ஏன் அவ்வளவு தூரம்? வெள்ளிக்கிழமை ஸ்டெபனி வருகிறாளாம். அவளிடம் கேட்க வேண்டும்.