சனிக்கிழமைகளில் நீங்கள் வாங்கிய இரண்டாவது பெட்டி

என் அன்பான இஞ்சாருங்கோ,

முப்பத்திநாலு வருடமாக உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; எனக்கு நீங்கள் 'இஞ்சாருங்கோ', உங்களுக்கு நான் 'இஞ்சாரும்'. இனியா பழகப் போகிறேன்? அதனால் இப்படியே எழுதுகிறேன். சுகம் விசாரிக்க மனமில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம், நல்ல கோபம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு செய்த எட்டுச் செலவில் தொடங்கியது. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் அன்றைக்குச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கமல்லவா? நானும் ஒரு குறை வைக்கவில்லை. இடியப்பம், சொதி, மீன் பொரியல், நீங்கள் ஒளித்து வைத்திருந்த பிராந்திப் போத்தல்கூட உங்கள் படத்துக்கு முன்னால் இருந்தது. உங்கள் சிநேகிதர் தேவன் அண்ணை டோர்செட் பார்க்கிலிருந்து வந்தார். படையலைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"தங்கச்சி, அவரின்ரை நூடில்ஸ் எங்கை?"

"என்ன நூடில்ஸ் அண்ணை?"

"கம்போடியாக்காரற்றை நூடில்ஸ். சனிக்கிழமை காலமைச் சந்தையிலை சாப்பிடுறவரெல்லே. உமக்குத் தெரியாதோ?"

தெரியாது. வந்திருந்த அத்தனை சனமும் என் முகத்தைப் பார்த்தது.

சனிக்கிழமையா? உங்களுக்கு ஏழரைச் சனி என்று சாத்திரியார் சொன்ன நாளிலிருந்து நான் சனிக்கிழமை விரதம். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, "ஒரு நடை நடந்திட்டு பத்து மணிக்கு வாறன்" என்று போவீர்கள். நான் உங்கள் ஆயுளுக்காக எள்ளெண்ணெய் எரித்துக்கொண்டிருப்பேன். நீங்களோ ஜேன் வீதிப் பக்கம் போய் மீன் குழம்பு விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! இது எந்த ஊர் நியாயம்?

கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்ததைப் படைக்காமல் அனுப்பிவிட்டேனே என்பதுதான் என்னை அரித்தது. ஒரு தடவையாவது அதை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். ஆனால் நீங்கள் போனது மாசியில். அந்தச் சந்தை வெயில் காலத்தில்தான் கூடுமாம். வைகாசி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மகளைக் கேட்டேன். "அம்மா, ஆப்பிலை ஓடர் பண்ணித் தாறன், சேம் திங்தானே" என்றாள். சேம் திங்காம்! அவள் எழும்பி, ஸ்ரௌவ்வில்லிலிருந்து ரூஜில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, என்னை ஏற்றிக்கொண்டு போய்ச் சேரப் பதினொரு மணி. பிளாசாக் கார் பார்க்கில் கூடாரங்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். விடியச் சமைத்துக் காலையிலேயே முடிகிற சாப்பாடாம் அது.

அடுத்த சனி தனியே போனேன். இரண்டு பஸ், ஒரு சப்வே. நீளமான வரிசை ஒன்று நின்றது, அதில் நானும் நின்றேன். மெல்லிய நூடில்ஸ், தெளிந்த சூப், மேலே பொரித்த உள்ளி. சூடு ஆறாமல் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து, விளக்கேற்றி, உங்களுக்கு முன்னால் வைத்தேன். பின்னேரம் வந்த தேவன் அண்ணை மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஐயோ தங்கச்சி, உது குய் தியூ. பண்டி எலும்புச் சூப்! அவர் சாப்பிடுறது உது இல்லை. அது பச்சை நிறத்திலை மீன் குழம்பு, வாழைப்பூ அரிஞ்சு மேலை போட்டிருக்கும்."

சனிக்கிழமை, விளக்குக்கு முன்னால், பன்றிச் சூப். சிரிக்கிறீர்கள்தானே? சிரியுங்கோ, நல்லாய்ச் சிரியுங்கோ.

மூன்றாம் முறை எட்டு மணிக்கே போய்விட்டேன். மூலைக் கூடாரத்தில் ஒரு பெண் வெள்ளை நூடில்ஸைச் சுருள் சுருளாய் வாழையிலையில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு சுருளும் எங்கள் இடியப்பம் மாதிரி, ஆனால் ஈரமும் வழுவழுப்பும். அதன் பெயர் நொம் பான் சொக் என்றாள். மீனை இடித்து, எலுமிச்சை வாசம் அடிக்கிற சேரைப் புல்லும் மஞ்சளும் அரைத்து, தேங்காய்ப்பால் விட்ட குழம்பு. வெள்ளரிக்காயும் பயிற்றங்காயும் பச்சை வாழைப்பூவும் மேலே. சொதிதான், வேறென்ன! நான் வீட்டில் அவித்துத் தந்த இடியப்பத்துக்கு என்ன குறை என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

நீங்கள் பஸ் ஓட்டுகிற உடுப்போடு நிற்கிற படத்தைப் போனில் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பஸ் அங்கிள்! நீங்கள்தான் அந்த வைஃபா? எப்போதும் இரண்டு வாங்குவார். ஒன்று இங்கே சாப்பிட, மற்றது வைஃபுக்கு. வைஃபுக்கு வாழைப்பூ என்றால் உயிர், கூடப் போடு என்பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் ஏன் இப்போது வருவதில்லை என்றும் கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கா? எனக்கு ஒரு நாளும் வரவில்லையே! அங்கேயே நின்று தேவன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அந்த இரண்டாவது பெட்டி எங்கே போனது என்று கேட்டேன்.

"தங்கச்சி, அதை நான்தான் சாப்பிட்டனான். வாற வழியிலை என்ரை வீட்டிலை ஏறுவார். 'சனிக்கிழமை மீனைக் கொண்டு போய் அவவுக்கு முன்னாலை வைக்க இண்டைக்கும் துணிவு வரேல்லையடா, இந்தா நீ சாப்பிடு' எண்டு தருவார். ஆறு வருசம்."

ஆறு வருடம்! பஸ் ஓட்டும்போது குடிகாரனோடு மல்லுக்கட்டின மனிசனுக்கு, என்னிடம் ஒரு பெட்டியை நீட்டத் துணிவில்லையா? நான் அவ்வளவு பொல்லாதவளா? நீட்டியிருந்தால் கோபத்தில் துள்ளியிருப்பேன், அதுவும் உண்மைதான். ஆனால் பத்துத் தரம் துள்ளினால் பதினோராம் தரம் ஒரு வாய் தின்றிருக்க மாட்டேனா? ஏன் என்னைக் கேட்டுப் பார்க்கவில்லை?

அதைவிடக் கொடுமை கேளுங்கோ. அன்றைக்கு அந்தப் பெண் காசு வாங்காமல் என் கையில் ஒரு பெட்டி தந்தாள், வாழைப்பூ குவித்து. பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கை போகவில்லை. சனிக்கிழமை அல்லவா! காக்க வேண்டிய ஆயுள் முடிந்துபோய் நாலு மாதம், நான் இன்னும் விரதம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மூடிக் கட்டி இரண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வர, வெயிலில் புளித்துவிட்டது. உங்களுக்கும் வைக்கவில்லை, நானும் தின்னவில்லை. கழுவுதொட்டிக்கு முன்னால் நின்று அழுதேன்.

வாற சனிக்கிழமை நான் எண்ணெய் எரிக்கப் போகமாட்டேன். எட்டு மணிக்கு அந்தக் கதிரையில் இருப்பேன். இரண்டு பெட்டி வாங்கி, இரண்டையும் அங்கேயே திறந்து, ஒன்றை எனக்கு எதிரே வைப்பேன். மற்றதைக் கடைசி வாழைப்பூ வரைக்கும் தின்பேன், உங்கள் மேல் ஆணை. தேவன் அண்ணைக்குப் பார்சல் கிடையாது.

நீங்கள் பயந்து பயந்து கூட வாழ்ந்த,
உங்கள் இஞ்சாரும்